சிமிலி உருண்டைக்கு ஒரு வாரப் பாடம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விழா. பண்டமாற்றுத் திருவிழா! நோட்டு, சில்லறை எதுவும் கண்ணில் படக்கூடாது என்று கண்டிப்பு. வீட்டில் செய்த பண்டம் ஏதாவது கொண்டுவர வேண்டும். அதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது மாடி மாமி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து இரண்டு சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டார். ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர், மனைவி சுட்ட முறுக்கை நீட்டி கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்துகொண்டார். நான் கொண்டுபோனது மாங்காய்த் தொக்கு. ஒரு கண் டாக்டர் அதை ஒரு விரல் நக்கிப் பார்த்தார். என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, நெளிந்திருந்த காம்பை நிமிர்த்திக் கொடுத்தார். ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விழாவை நடத்திய பெண் மைக்கை என் கையில் திணித்தாள். "மேடம், நீங்க ஆந்திரா பார்டர்ல, கிராமத்துல பொறந்தவங்க. அந்தக் காலத்துல எல்லாமே இப்படித்தானே? காசே கிடையாது, அன்பு மட்டும்தான்... இல்லையா?"

"ஆமாம்" என்றேன். கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பொய். நூறு பேர் முன்னால் கூசாமல் சொன்ன பொய். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அடுத்தவர் பொய்களைப் பிட்டுப் பிட்டு வைக்கிறவள் நான். இந்த வாரம் என்னுடையதை வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர், திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிற புத்தூருக்குக் கிழக்கே நாலைந்து மைல். வேர்க்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் மாந்தோப்பு. வீட்டில் பேசுவது தமிழ். சந்தையிலும் தாலுகா ஆபீசிலும் தெலுங்கு. காசு இல்லாமல் இல்லை. அதை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வராது, அவ்வளவுதான். காது குத்த வந்த ஆசாரிக்கு அதிரசம். தையல்காரருக்கு ஒரு ஜாடி மாவடு. என் தம்பி மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, புத்தூரில் கட்டுப் போட்டவர் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய எள்ளடை போனது. எங்கள் அம்மா சுடும் கைமுறுக்குக்கு அந்த வட்டாரத்தில் நல்ல மதிப்பு. எங்கள் வீட்டின் செக் புத்தகமே அதுதான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஊர் ஆந்திர ராஜ்ஜியத்துக்குள் வந்துவிட்டிருந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தோம், ராஜ்ஜியம்தான் மாறியது. திரும்பவும் மதராஸோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. இல்லை, இப்படியேதான் என்று இன்னொரு பேச்சு. ஆண்கள் மனு எழுதிக்கொண்டும் கூட்டம் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அம்மாக்களின் கவலை வேறு. புத்தூர் ஹைஸ்கூலில் ஆறாவது சேர வேண்டும் என்றால் தெலுங்கு வாசிக்கத் தெரிந்தால் நல்லது. எந்த ராஜ்ஜியம் நிலைத்தாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தெலுங்கு வாத்தியார் வந்திருந்தார். அய்யவாரு என்றுதான் கூப்பிடுவோம். காலையில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் அவர் வீட்டு வாசலில் தனிப்பாடம். ஃபீஸ் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது பண்டம் போகும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் கை ஓங்கி அடித்ததில்லை. ஆனால் கனமான தூக்கு கொண்டுவந்த பிள்ளை முன்வரிசையில் இருக்கும். வெறுங்கையோடு வந்த பிள்ளைக்கு அந்த வாரம் வாசிக்கிற முறை வராது. அப்படி அவர் சட்டம் ஒன்றும் போடவில்லை... தானாக நடக்கும்.

என்னோடு படித்தவள் கன்னியம்மா. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், சேரியில் வீடு. அவள் அம்மா பூங்காவனம் எங்கள் நிலத்தில் களை எடுக்கவும் கடலை பறிக்கவும் வருவாள். பூங்காவனமும் மகளைத் தனிப்பாடத்துக்கு அனுப்பினாள். அய்யவாரு மறுக்கவில்லை. "நீ எதுவும் கொண்டார வேணாம்மா. ஊரிக்கே நேர்ச்சுகோ" என்றார். சும்மாவே கற்றுக்கொள் என்று அர்த்தம்.

பெருந்தன்மை மாதிரித் தெரிகிறதா? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவள் வீட்டுப் பண்டத்தை அவர் வீட்டில் தொட மாட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். பண்டத்துக்குப் பதில் வேலை. தினமும் கன்னியம்மா ஒரு கட்டு முள் விறகு வெட்டிக்கொண்டுவந்து போடுவாள். மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவாள். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வேலிப் படலுக்கு வெளியே வந்து அவள் உட்காரும்போது, நாங்கள் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்போம். சும்மாவே கற்றுக்கொள்வது என்றால் இதுதான்.

கடலை பறிக்கிற சீசன் வந்தது. அம்மா விடிந்ததும் நிலத்துக்குப் போய்விடுவாள். முறுக்கு சுட நேரம் ஏது? ஒரு வெள்ளிக்கிழமை, தூக்கில் வேர்க்கடலையைக் கொட்டி, மேலே ஒரு கட்டி வெல்லத்தை வைத்து, "இந்த வாரம் இத்த எத்துகினு போ" என்று கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பச்சைக் கடலையைக் கொண்டுபோனால் முன்வரிசை போச்சு!

வழியில் கன்னியம்மா முள் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். "இன்னாடி, மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு போற?"

தூக்கைத் திறந்து காட்டினேன். சிரித்தாள். "இத்தக் குடுத்தா உன்னிய வாசிக்கச் சொல்லுவாரா? இங்கியே இரு, தோ வந்துட்டேன்." முள் கட்டைப் போட்டுவிட்டுத் தூக்கோடு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது தூக்கில் கடலை இல்லை, வெல்லம் இல்லை. அவள் அம்மா முந்தின நாள் பிடித்து வைத்திருந்த சிமிலி உருண்டை இருந்தது.

சிமிலி தெரியும் இல்லையா? கேழ்வரகு மாவில் அடை தட்டி, அதைப் பிய்த்துப் போட்டு, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்துப் பிடிப்பது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வார்கள். பூங்காவனத்தின் பக்குவம் யாருக்கும் வராது. நான் எத்தனையோ முறை வீட்டுக்குத் தெரியாமல் தின்றிருக்கிறேன், அதனால் தெரியும்.

அய்யவாரு மனைவி தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பித்தளைத் தூக்கின் மேல் எங்கள் நைனாவின் பெயர் வெட்டியிருந்தது. அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அடுத்த நாள் அய்யவாரு என்னைப் பார்த்ததும் சொன்னார்: "சிமிலி சால பாகுந்தி! இனிமே முறுக்கு வேணாம்மா. இதே கொண்டா."

விஷயம் தெரிந்ததும் பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரம் பேசினாள்.

"கடலையும் வெல்லமும் நீ எத்தாந்து குடு பாப்பா. நான் இடிச்சுப் புடிச்சுத் தரேன். அய்யவாரு உனுக்கு சொல்லிக் குடுக்கறத, அன்னன்னிக்கி எம் பொண்ணுக்கு சொல்லிக் குட்த்துடு. அது முள்ளு வெட்டியே காலத்த ஓட்டிடும் போலக்கீது."

ஒரு தூக்கு சிமிலிக்கு ஒரு வாரப் பாடம். ஒப்பந்தம் முடிவானது. அய்யவாருவுக்கு இனிமேல் கடலையும் வெல்லமும் போதுமாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் நிலத்து வேப்பமரத்தடியில் உட்காருவோம். மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, குச்சியால் எழுதிக் காட்டுவேன். அங்கே நான்தான் அய்யவாரு. தப்பு வந்தால் தலையில் குட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே குட்டு வாங்குவாள். ஒரு மாதம் போனதும் குட்டுவதற்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. எழுத்துக்கு அடியில் எழுத்து ஒட்டி வர, நான் தடுக்கி விழுகிற கூட்டெழுத்துகளை அவள் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒரு வேடிக்கை. சந்தையில் அய்யவாரு எங்கள் அம்மாவைப் பார்த்து, "உங்க கை சிமிலி மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்லம்மா" என்று சொல்லியிருக்கிறார். அம்மா பல மாதமாகச் சிமிலி பக்கமே போகவில்லை. ஆனால் என்ன சொன்னாள் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க..." என்று தலையைக் குனிந்துகொண்டாளாம்! தானாக வந்த பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்து, "இன்னாடி சிமிலி?" என்று கேட்டாள். "வேற யாரோ குட்த்தது, அவரு மாத்தி சொல்லிட்டாரு" என்றேன். விட்டுவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு காலை. ஹைஸ்கூலில் சேர்க்க யார் யாரைக் கூட்டிப்போவது என்று அய்யவாரு முடிவு செய்கிற நாள். அவர் கூடவே வந்து சொன்னால்தான் அங்கே காரியம் நடக்கும். தானாகப் போய் நிற்கிற தைரியம் எங்கள் ஊரில் எவருக்கும் கிடையாது. ஆகவே அவர் கட்டுகிற வண்டியில் நாங்கள் ஏறினால் படிப்பு, ஏறாவிட்டால் களையெடுப்பு.

என்னை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் ஒரு கூட்டெழுத்து. மாட்டிக்கொண்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை... படலுக்கு வெளியிலிருந்து அந்த வார்த்தை சுத்தமாக வந்து விழுந்தது.

கன்னியம்மா விறகைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பாதி மறந்துபோன பாடம் அது. அவள் மறக்கவில்லை.

அய்யவாரு அவளைப் படல் ஓரம் வரச் சொன்னார். புத்தகத்தைத் தானே பிடித்துக்கொண்டு, யாருக்கும் அதுவரை நடத்தாத ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கன்னியம்மா மேலிருந்து கீழ்வரை நிறுத்தாமல் வாசித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "எவரு நேர்ப்பிஞ்சாரு நீக்கு?" யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?

அவள் என்னைக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "இவதாங்க. தெனம் சொல்லிக் குடுப்பா. நல்லா சொல்லிக் குடுப்பா."

"சொல்லிக் குடுத்தவளவிட இந்தப் பொண்ணு நல்லா வாசிக்குதே!" என்றார் அய்யவாரு. "மூணு பேருன்னு நெனச்சேன். நாலாவதா நீயும் புத்தூருக்கு வாம்மா." மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு என்ன நஷ்டம்? என் இடத்தை யாரும் பிடுங்கவில்லை. அவள் என்னைப் புகழ்ந்துதான் பேசினாள். அப்புறம் எதற்கு வாயைத் திறந்தேன்?

பத்து வயது, விவரம் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாம். வேண்டாம். யாருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று பத்து வயதில் எனக்கு நன்றாகவே தெரியும்.

"சும்மா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. சிமிலி குட்த்தாங்க, அதுக்குத்தான் சொல்லிக் குட்த்தேன். வாராவாரம் நீங்க சாப்ட்டீங்களே... அது அவங்கூட்டு சிமிலி."

அய்யவாரு புத்தகத்தை மூடினார். எழுந்து கொல்லைப்புறம் போனார். கிணற்றடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. குடம் குடமாக, நெடுநேரம். அவர் மனைவி ஒரு மண் ஜாடியை எடுத்து வந்து, மிச்சமிருந்த உருண்டைகளோடு குப்பையில் வீசினார். கன்னியம்மா வெட்டிப் போட்ட விறகை மட்டும் யாரும் வீசவில்லை. அது அடுப்பில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதில்தான் அன்றைய சோறும் வெந்தது.

"ஏன்டி சொன்ன?" என்றாள் கன்னியம்மா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

வீட்டில் அம்மா கரண்டிக் காம்பால் விளாசினாள். சொன்னதற்காக இல்லை. "எந்தத் தூக்குடி? உங்க நைனா பேரு போட்ட தூக்கா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அந்தத் தூக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள், நெருப்பில் காட்டினாள். அப்புறம் அடுப்பை மூட்டி உட்கார்ந்தாள். மத்தியானம்வரை முறுக்கு. இரண்டு தூக்கு நிறைய! பெரிய தப்புக்குப் பெரிய தூக்கு.

அய்யவாரு வாங்கிக்கொண்டார். "பிள்ளைங்க செஞ்சது, போகட்டும்" என்றாராம். என் குற்றம் அன்றைக்கே தீர்ந்துபோனது. பூங்காவனம் என்ன சுட்டுக் கொடுப்பாள்? அவள் எதைக் கொடுத்தாலும் வாங்க அங்கே ஆள் இல்லை.

எங்கள் குடியிருப்பு விழாவில் எனக்குச் சொல்ல வாய் வராதது இதுதான். பண்டமாற்றில் பண்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறார்கள்.

புத்தூருக்கு வண்டி கட்டிய நாள். அய்யவாருவும் நாங்கள் மூன்று பேரும் மாட்டு வண்டியில். தோப்புத் திருப்பத்தில் பூங்காவனம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கன்னியம்மாவுக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. துவைத்த பச்சைப் பாவாடை. கையில் ஸ்லேட். 'நீயும் வா' என்று அவர் சொன்னதை நம்பி வந்திருந்தார்கள்.

வண்டியை நிறுத்தச் சொன்னார் அய்யவாரு. அதுவரைக்கும் நல்லவர். "பண்டிலோ சோட்டு லேதம்மா" என்றார். வண்டியில் இடமில்லையாம். அவருக்கும் எனக்கும் நடுவில் அவருடைய குடை நீட்டிப் படுத்திருந்தது.

பூங்காவனம் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "எங்கூட்டுத் தீனி வோணாம் சாமி, சரி. இனிமே குடுக்கல. எம் பொண்ணு படிச்சது நெசந்தான சாமி? அத்த இன்னாத்துக்கு வோணான்றீங்க?"

அவர் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தீண்டாமை குற்றம் என்று அதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் வண்டிப்பாதைக்கு அது வந்து சேரவில்லை.

அந்தக் குடையை எடுத்து நான் மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். கன்னியம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சில வருடங்களில் பெரிய மனிதர்கள் மேப்பை விரித்து வைத்து, ஊர் ஊராக மாற்றிக்கொண்டார்கள். திருத்தணி அங்கே, சத்தியவேடு இங்கே. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். பூங்காவனம் அதற்கு முன்பே குடும்பத்தோடு திருத்தணிப் பக்கம், அண்ணன் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். அது மதராஸ் ராஜ்ஜியமானது. அங்கே தெலுங்கு எழுத்தை வைத்துக்கொண்டு கன்னியம்மா என்ன செய்வாள்? எனக்கு அதே தெலுங்கு, திருப்பதியில் சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தந்தது. கடைசிவரை கூட்டெழுத்தில் தடுக்கிக்கொண்டேதான் ரிட்டயர் ஆனேன்.

உத்தியோகத்தில் இருந்தபோது ஒருநாள், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு ஒரு கூட்டம். நடுவில் ஒரு பெண், வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். "இது காளாஸ்திரி. அது நெல்லூரு. நம்புள்து இன்னும் வர்ல, குந்துங்க." தெலுங்கு போர்டுகள். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"தெலுங்கு எப்டிக்கா தெரியும் உனுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சின்னதுல ஒரு பொண்ணு சொல்லிக் குட்த்துச்சு."

பக்கத்தில் போய்ப் பெயரைச் சொன்னேன். உற்றுப் பார்த்தாள். "நீயா? நல்லாகீறியா?" என்றாள். என் அம்மாவை விசாரித்தாள். பூங்காவனம் இறந்து இரண்டு வருடம் ஆயிற்று என்றாள். செங்கல் சூளையில் வேலை, மூன்று பிள்ளைகள். சாதாரணமாகத்தான் பேசினாள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் திறந்து, மத்தியானத்துக்குக் கட்டி வைத்திருந்த புளியோதரை டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"நானே செஞ்சது. எடுத்துக்கோ கன்னியம்மா."

டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. சந்தையில் சரக்கு வாங்குகிறவர்கள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இதுக்கு நான் இன்னா குடுக்கணும்?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்... வரவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்தது. 'போனாப் போவுது, வுடு' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை. அதை வாங்கத்தான் டப்பாவை நீட்டியிருந்தேன்.

திருத்தணி பஸ் வந்தது. போர்டை அவளே வாசித்தாள், தன் ஆட்களையெல்லாம் ஏற்றினாள், கடைசியாகத் தானும் ஏறிக்கொண்டாள்.

புளியோதரையை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.